பூச்சி தின்ற இடம்

அந்த யோக, ஆயுர்வேத நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. வாசல் காவலாளி தொடங்கிப் பெரிய வைத்தியர் வரை எல்லோருக்கும் அவள் பிரதியம்மாதான். அவளுக்கு எதிரே உட்கார்ந்து பதினான்கு வருடம் வாய் ஓயாமல் வாசித்தவள் குரலம்மா. இரண்டு பேருக்கும் பட்டம் வைத்தவர் அந்தக் காவலாளி. ஒருத்தி எழுதுகிறாள், இன்னொருத்தி வாசிக்கிறாள், இதற்கு மேல் பெயர் எதற்கு என்பது அவர் கட்சி.

நிலையத்துக்கு வருகிறவர்கள் மாடிக்கு ஏறுவதில்லை. காலை ஆறு மணிக்குக் கீழே கூடத்தில் வளைந்து நிமிர்வார்கள். பிறகு பின்பக்க அறைகளில் எண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். போகும்போது கடையில் ஒரு தைலமும் வாங்கிக்கொண்டு, ஆயிரம் வருட ஞானம் உடம்பில் ஊறிவிட்ட முகத்தோடு காரில் ஏறுவார்கள். அந்த ஞானம் எந்தக் காகிதத்தில், எந்தக் கதியில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர்கள் மாடியில் இருந்த இந்த இரண்டு பேர் மட்டுமே.

அவர்கள் அறை மாடியின் கடைசியில் இருந்தது. எதிரெதிரே இரண்டு மேஜை, நடுவில் ஒரு விளக்கு. மின்விசிறி உண்டு, போடக் கூடாது. போட்டால் பழைய காகிதம் பொடிந்து பறந்துவிடும். வேனிற்காலத்தில் இருவரும் வியர்த்து வழிந்துகொண்டு, கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார்கள். ஜன்னலுக்கு நேர் கீழே மருந்துக் கூடம். பதினொரு மணிக்குக் கஷாய வாசனை மாறி எண்ணெய் வாசனை தூக்கும். நீர் வற்றிவிட்டது என்று பொருள். கீழே ஒருவர் எண்ணெயில் வெந்த கல்கத்தை, அதாவது அரைத்த மருந்து விழுதை, விரலில் திரித்து, திரி போலாக்கி நெருப்பில் காட்டுவார். சடசடவென்று சத்தம் வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கிவிடலாம். மாடியில் அந்த வாசனைதான் டீ குடிக்கிற மணி.

பிரதியம்மா அந்த வேலைக்கு வந்தது கையெழுத்தால். அதற்கு முன் ஒரு பள்ளி அலுவலகத்தில் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தாள். கல்யாணம் ஒன்று நடந்து, அது ஒன்றரை வருடத்தில் தானாகவே கழன்றுகொண்டது. அண்ணன் வீட்டில் ஒரு அறை, அண்ணியோடு சமையலறையில் பாதிப் பங்கு, இதுதான் வாழ்க்கை என்று இருந்தவளை, முப்பத்து நான்கு வயதில் பெரிய வைத்தியர் அழைத்தார். அவள் எழுதிய ஒரு சான்றிதழைப் பார்த்துவிட்டு, “இந்தக் கை நமக்கு வேணும்” என்று சொல்லியிருக்கிறார். அவளைப் பற்றி, அவளிடம் இருக்கிற எதையாவது பற்றி, ஒருவர் வேணும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லுக்காகவே அவள் பதினான்கு வருடம் உழைத்தாள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, அவளுக்கும் இருந்ததில்லை.

வேலைக்கு ஒரு முறை இருந்தது. குரலம்மா மூலப் புத்தகத்தைப் பார்த்து நிதானமாக வாசிப்பாள். பிரதியம்மா நோட்டில் பென்சிலால் எழுதுவாள். எண் வந்தால் இரண்டு தடவை சொல்ல வேண்டும்: “பன்னிரண்டு, பன்னிரண்டு.” மருந்து எடையோ மூச்சுக் கணக்கோ, எண் தவறினால் ஆளே தவறிவிடுவான் அல்லவா, அதனால். பூச்சி தின்று ஓட்டை விழுந்த இடம் வந்தால், எத்தனை எழுத்து போயிருக்கும் என்று கண்ணால் அளந்து, ஒவ்வொன்றுக்கும் “புள்ளி” என்று சொல்வாள். இவள் அத்தனை புள்ளி வைப்பாள். ஓட்டையில் என்ன இருந்திருக்கும் என்று ஊகிக்கிறதெல்லாம் கிடையாது. பக்கம் முடிந்ததும் இவள் திருப்பி வாசிப்பாள், அவள் மூலத்தில் விரல் வைத்துச் சரிபார்ப்பாள். கடைசியில் இருவரும் பக்கத்தின் மூலையில் ஆளுக்கொரு சுருக்கக் கையெழுத்து போடுவார்கள்.

“புள்ளி, புள்ளி, புள்ளி” என்று குரலம்மா ராகத்தோடு சொல்வாள். ஒரு பக்கம் முழுக்கப் பூச்சி தின்றிருந்தால், “இன்னிக்குக் கோலப் போட்டி” என்பாள். இவள் சிரித்துச் சிரித்து எழுத்து கோணிவிடும்.

புத்தகங்களுக்குள் போகப் போக இருவருக்கும் ஒன்று புரிந்தது. கீழே கூடத்தில் நடப்பது அந்தப் புத்தகங்களின் நடுப்பக்கம் மட்டும்தான். முதல் பக்கங்களில் உடம்பை வளைக்கிற பேச்சே இல்லை. யாரையும் நோகடிக்காதே, பொய் சொல்லாதே, உன்னுடையது அல்லாததை எடுக்காதே என்று தொடங்கும். உட்காருவது மூன்றாவது படி, மூச்சு நான்காவது படி. வைத்திய நூல்களும் அப்படித்தான். நோயாளி எப்படித் தூங்குகிறான் என்று கேட்பதற்கு ஒரு நூலில் பதினோரு பக்கம் இருந்தது. எந்த ஊர், எந்தப் பருவம், என்ன சாப்பிட்டால் செரிக்கிறது என்று ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே போகும். எல்லோருக்கும் பொதுவாக இது நல்லது என்று எங்கேயும் ஒரு வரி கிடையாது. தீர்க்க முடியாத நோயென்றால் முடியாது என்று சொல்லிவிட வேண்டும், அப்படிச் சொல்கிறவன்தான் வைத்தியன் என்று ஒரு இடத்தில் இருந்தது. அதை எழுதின அன்று அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“முதல் படியே பொய் சொல்லாம இருக்கணுமாம்க்கா.”

“அதுல ஏற யாருக்கும்மா நேரம் இருக்கு? அதான் நேரா தலைகீழா நிக்கக் கிளம்பிட்டாங்க” என்றாள் குரலம்மா.

இருவரும் அவ்வளவு நெருக்கம். குரலம்மாவின் வீட்டுக்காரர் ஒரு நாள் குளியலறையில் விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போனபோது, தன்னால் வைத்தியரிடம் வாய் திறக்க முடியாது என்று அவள் அழுதாள். போய்ப் பேசியது இவள்தான். அன்றிலிருந்து ஆறு வருடமாக அந்த மனிதருக்கு நிலையத்திலேயே எண்ணெய்ச் சிகிச்சை நடக்கிறது. இப்போது கைத்தடியோடு கழிப்பறைவரை தானே போய் வருகிறார். “நீ செஞ்சது, இந்தக் கட்டை வேகுறவரைக்கும் மறக்க மாட்டேன்” என்று குரலம்மா சொன்னாள். கட்டை வேகுமுன்பே மறந்துவிட்டாளா, அல்லது நினைவு வைத்திருந்ததால்தான் பின்னால் அப்படிச் செய்தாளா என்பது இந்தக் கதையின் கசப்பு.

ஒரு குடும்பத்தார் தங்கள் வீட்டுப் பரணிலிருந்த மூச்சுப்பயிற்சி நூல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கையெழுத்துப் புத்தகம். நல்ல நூல், அதைவிட நல்ல பூச்சி. நிலையத்தில் அப்போது படமெடுக்கிற இயந்திரம் வாங்கியிருக்கவில்லை. இருவரும் ஏழு மாதம் உட்கார்ந்து எழுதினார்கள். நூலின் நடுவில் ஒரு வரி இப்படி இருந்தது: வாதம் மிகுந்த உடம்பில், மூச்சை உள்ளே இத்தனை மாத்திரைக்கு மேல் நிறுத்தலாகாது. மாத்திரை என்றால் கண் இமைக்கிற நேரம். எத்தனை மாத்திரை என்கிற இடத்தில், சரியாக அந்த இடத்தில், ஓட்டை.

“பாத்தியா, பூச்சிக்கும் எங்க தின்னணும்னு தெரிஞ்சிருக்கு” என்றாள் குரலம்மா. பிறகு நிதானமாக, “புள்ளி, புள்ளி, புள்ளி, புள்ளி.”

நான்கு புள்ளிகள். இருவரும் மூலையில் கையெழுத்து போட்டார்கள். பென்சில் நோட்டு வைத்தியரின் பீரோவுக்குப் போனது. அதைப் பார்த்து அவள் மையால் எழுதிய நல்ல பிரதி அச்சுக்குப் போனது. மூலம் அந்தக் குடும்பத்துக்கே திரும்பிப் போய், மறு வருடம் அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகியதில் கூழாகிப்போனது.

புத்தகம் அச்சாகி வந்த அன்று வைத்தியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முதல் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், “பிரதி செய்தவர்” என்று போட்டு அவள் முழுப்பெயர் இருந்தது. அதற்கு முன் பத்தொன்பது புத்தகம் வந்திருக்கிறது, ஒன்றிலும் பெயர் இல்லை. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அண்ணி அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டாள். அண்ணன் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவளும் அந்த ஒரு பக்கத்தை நூறு தடவை பார்த்திருப்பாள்.

உள்ளே புரட்டவில்லை. அங்கேதான் அவள் தப்பு. ஆனால் பிரதி எழுதுகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. ஒரு நூலை மூன்று தடவை எழுத்தெழுத்தாகக் கடந்தவர்கள் அச்சில் வந்ததை வாசிக்க மாட்டார்கள். அதுதான் தெரியுமே என்று இருப்பார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு புதன்கிழமை காலையில், கையில் அந்தப் புத்தகத்தோடு ஒரு பெண் வந்தாள். வாடகைக் கார் ஓட்டுகிறவரின் மனைவி. வரவேற்பு மேஜையில் இருந்தவர்கள் உட்காரச் சொன்னார்கள், அவள் உட்காரவில்லை. அவள் கணவருக்கு வாத உடம்பு, ரத்த அழுத்தமும் இருந்திருக்கிறது. நிலையத்தின் புத்தகத்தைப் பார்த்து வீட்டில் மூச்சு அடக்கிப் பழகியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் அப்படி உட்கார்ந்திருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். இப்போது வலது கை வரவில்லை, பேச்சும் வரவில்லை.

“இதை எழுதினது யாருன்னு பாக்கணும்” என்றாள் அந்தப் பெண். முதல் பக்கத்தின் அடியில் விரலை வைத்திருந்தாள்.

பிரதியம்மாவைக் கீழே கூப்பிட்டார்கள். அந்தப் பெண் ஒரு பக்கத்தைத் திறந்து நீட்டினாள். வரிக்கு அடியில் நீல மையில் கோடு போட்டிருந்தது. கோடு போட்டவர் அந்த ஓட்டுநர். வாதம் மிகுந்த உடம்பில், மூச்சை உள்ளே அறுபத்து நான்கு மாத்திரைக்கு மேல் நிறுத்தலாகாது.

பிரதியம்மா அதை இரண்டு தடவை வாசித்தாள். பிறகு அங்கே நின்றிருந்த வைத்தியரைப் பார்த்து, “இது நான் எழுதலைங்க. இங்க புள்ளி இருந்துச்சு” என்றாள்.

வைத்தியர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. “பதட்டப்படாதீங்கம்மா. பீரோல பாத்துக்கலாம்” என்றார். பீரோவில் நாற்பது நோட்டு இருந்திருக்க வேண்டும். முப்பத்தொன்பது இருந்தது. மையால் எழுதிய பிரதியை அச்சகத்தார் எப்போதோ கழித்துக் கட்டிவிட்டார்களாம்.

அன்று மாலையே அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார். “மூச்சுக்கணக்கு எல்லா நூல்லயும் அறுபத்து நாலுதானேம்மா? நீங்களும் அதைத்தான் எழுதியிருப்பீங்க. கை பழக்கத்துல வந்திருக்கும். யாருக்கும் வர்றதுதான்.”

எல்லா நூலிலும் இருப்பது வேறு, இந்த நூலில் இந்த உடம்புக்கு வேறு என்று சொல்லத்தானே அந்த வரியே எழுதப்பட்டது. அதை அவருக்கு அவள் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். இரண்டு நாளில் விசாரணை என்று கடிதம் வந்தது. பிரதி செய்தவரின் கவனக்குறைவு பற்றி, என்று தலைப்பு.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவளுக்கு உறைத்தது. பத்தொன்பது புத்தகத்தில் போடாத பெயரை இதில் மட்டும் வைத்தியர் ஏன் போட்டார்? ஓட்டையை அடைத்தவருக்கு, அடைத்தது தெரியும். ஒரு நாள் யாராவது வந்து கேட்டால் கைகாட்ட ஒரு பெயர் வேண்டியிருந்தது. அண்ணி உறை போட்டு வைத்திருந்தது அதைத்தான். அவள் அன்று சாப்பிடவில்லை. அழவும் இல்லை, அழுதால் அது அவருக்குச் செய்கிற மரியாதையாகிவிடும் என்று தோன்றியது.

அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டான். “ஒருவேளை நீயே தெரியாம எழுதியிருப்பியோ? மனுஷங்கதானே.”

“புள்ளி வச்ச கை என்னுது” என்றாள். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

ஆனாலும் அவள் பயப்படவில்லை. அவள் வைத்தது நான்கு புள்ளி என்று தெரிந்தவள் இந்த உலகத்தில் இன்னொருத்தி இருந்தாள். அந்த நான்கையும் வாயால் சொன்னவளே அவள்தான். விசாரணைக்குப் போய்க் குரலம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். தன் பெயர் தன் பெயராக மிஞ்சும். அந்த ஓட்டுநரின் மனைவி முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம். இதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை, வேலைகூட.

விசாரணைக்கு முன்தினம் மாலை இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள்.

“அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல?”

“எது?”

“பூச்சிக்கும் எங்க தின்னணும்னு தெரிஞ்சிருக்குன்னு சொன்னீங்களே.”

குரலம்மா சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நான் இருக்கேன்ல. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காதே” என்றாள். அவள் பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள். வழக்கமாக ஜன்னலிலிருந்து கையை ஆட்டுவாள்.

விசாரணை கீழே கூடத்தில் நடந்தது. பாய்களைச் சுருட்டிச் சுவரோரம் வைத்திருந்தார்கள். நிர்வாகக் குழுவிலிருந்து மூன்று பேர், ஒரு நீள மேஜை. பக்கவாட்டில் வைத்தியர். பின்னால் ஒரு நாற்காலியில் ஓட்டுநரின் மனைவி, மடியில் புத்தகம். பிரதியம்மா தன் முறை வந்ததும் நடந்ததைச் சொன்னாள். வாசிக்கிற முறை, எழுதுகிற முறை, எண்ணை இரண்டு தடவை சொல்வது, ஓட்டைக்குப் புள்ளி வைப்பது, மூலையில் கையெழுத்து. “நாலு புள்ளி. வாசிச்சவங்க இங்கதான் இருக்காங்க, கேளுங்க” என்று முடித்தாள்.

குழுவில் மூத்தவர் குரலம்மாவைப் பார்த்தார். “அந்த வரி உங்களுக்கு ஞாபகம் இருக்காம்மா?”

“இருக்குங்க.”

“சொல்லுங்க, அன்னிக்கு வாசிச்ச மாதிரியே.”

குரலம்மா எழுந்து நின்றாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். பதினான்கு வருடமாக அந்த மாடி அறையில் ஒலித்த அதே குரல், அதே நிதானம். “வாதம் மிகுந்த உடம்பில், மூச்சை உள்ளே,” என்று சொல்லி, எண் வருவதற்கு முன் எப்போதும் விடுகிற அரை நொடியை விட்டாள். “அறுபத்து நான்கு. அறுபத்து நான்கு. மாத்திரைக்கு மேல் நிறுத்தலாகாது.”

தடுமாற்றம் இல்லை. எண்ணை இரண்டு தடவை சொன்னாள், முறைப்படி.

பிரதியம்மா குனிந்து தன் மடியைப் பார்த்தாள். அவளுடைய வலது கை ஆள்காட்டி விரல் புடவைமேல் அசைந்துகொண்டிருந்தது. அந்தக் குரல் சொன்னால் எழுதிப் பழகிய விரல். அறுபத்து நான்கு என்று எழுதி முடித்து, அடுத்த சொல்லுக்குப் போயிருந்தது. அவள் இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மூத்தவர் எதையோ குறித்துக்கொண்டார். பெரிதாக ஒன்றும் செய்துவிட மாட்டோம் என்றும், இத்தனை வருட உழைப்பை மதிக்கிறோம் என்றும், வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். ஓட்டுநரின் மனைவி எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று பிரதியம்மா நினைத்தாள். அந்தப் பெண் திட்டவில்லை.

“இவ்வளவு அழகா எழுதத் தெரிஞ்சவங்க, இதைப் பாத்து எழுதியிருக்கலாமேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மாடிக்குப் போய்த் தன் பூதக்கண்ணாடியையும் பென்சில் டப்பாவையும் எடுத்துக்கொண்டு பிரதியம்மா வெளியே வந்தபோது, படிக்கட்டுத் திருப்பத்தில் குரலம்மா நின்றிருந்தாள். மருந்துக் கூடத்திலிருந்து எண்ணெய் வாசனை ஏறி வந்தது. டீ குடிக்கிற நேரம்.

“அவரு இப்பதான் எந்திரிச்சு நடக்குறாரு” என்றாள் குரலம்மா. “வைத்தியரு கூப்பிட்டுச் சொன்னாரு. சிகிச்சையை நிறுத்திட்டா திரும்பப் படுத்துருவாரு. நீ சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?”

அந்தச் சிகிச்சைக்காக வைத்தியரின் அறை வாசலில் தான் ஒரு மணி நேரம் நின்றது பிரதியம்மாவின் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லிக்காட்ட மனம் வரவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

“அந்த வரியை எத்தனை நாள் சொல்லிப் பாத்தீங்க?”

குரலம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அங்கே அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை.

“நாலு நாள்” என்றாள். “அந்த இடத்துக்கு வந்தா, எவ்வளவு முயற்சி பண்ணாலும், புள்ளி புள்ளின்னேதான் வாய்க்கு வந்துச்சு.”